மர லேத் விற்பவர்கள் மரை அளவையும் எழுதட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் "மர லேத் விற்பனைக்கு, நல்ல நிலையில் உள்ளது" என்று அவ்வப்போது பார்க்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. நான் பொழுதுபோக்காகக் கடைசல் வேலை, அதாவது லேத்தில் மரக்கட்டையைச் சுற்றவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் வேலை, செய்கிறவன். கிண்ணம், பேனா, பம்பரம், கதவுக் குமிழ் என்று லீவு நாளில் எதையாவது கடைந்துகொண்டிருப்பேன். இப்படி ஒரு ஒற்றை வரியை நம்பிப் போய்த்தான் என் முதல் லேத்தை வாங்கினேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. விற்றவர் சுவிட்சைப் போட்டார், ஓடியது, எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வாங்கி மாட்டப் பார்த்தால் ஏறவே இல்லை. ஸ்பிண்டிலில், அதாவது சக்கைச் சுற்றவைக்கும் தண்டில், இருந்த மரை (திருகுப் புரி) வேறு அளவு. சக்குகள் பொதுவாக ஒரு அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, இல்லையென்றால் 33 மில்லிமீட்டர் விட்டத்தில் 3.5 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) என்று ஒரு சில அளவுகளுக்குத்தான் கிடைக்கும். என்னுடையது எதிலும் சேரவில்லை. கடைசியில் இரும்பு லேத் வைத்திருப்பவரிடம் சொல்லித் தனியாக ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினேன். சக் ஏறிவிட்டது, ஆனால் அடாப்டரின் நீளத்துக்கு அது பேரிங்கை விட்டுத் தள்ளி நிற்கிறது, கொஞ்சம் பெரிய கட்டையை மாட்டினாலே அதிர ஆரம்பித்துவிடும்.

பழைய லேத் வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வார்ப்பிரும்பில் செய்த பழைய லேத்தின் கனமே அதிர்வை விழுங்கிக்கொள்ளும், அந்த அருமை மெல்லிய தகட்டில் செய்த புது லேத்தில் கிடைக்காது. மேலே படிந்த துரு ஒரு பொருட்டே இல்லை, எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போய்விடும். பெல்ட் வெடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் பள்ளம் விழுந்திருந்தால் அரத்தால் ராவினால் சரி. பயப்பட வேண்டியது வார்ப்பில் விரிசல் விட்டிருந்தாலோ, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தாலோதான். புதுப் பெயின்ட் அதை அழகாக மறைத்துவிடும், அதனால் டார்ச் அடித்து அடிப்பக்கமும் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது அமுங்கிப்போகும் சத்தமெல்லாம் அப்போது தெளிவாகக் கேட்கும். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும், தேய்ந்துபோனதில் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு விரலிலேயே தெரியும். அப்புறம் ஸ்பிண்டில் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பேரிங்கை மாற்ற முடியும். எளிதில் மாற்ற முடியாதது சென்டர் போன்றவற்றைச் செருகும் ஸ்பிண்டிலின் உள்கூம்பு, அதாவது மோர்ஸ் டேப்பர். அதற்குள் விரலை விட்டுத் தடவினால் கீறலோ பிசிறோ இருப்பது தெரிந்துவிடும். அடுத்து, ஸ்பிண்டிலில் ஒரு சென்டரையும் (கட்டையைத் தாங்கும் கூர்முனை), எதிர்ப்பக்கம் இருக்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு சென்டரையும் போட்டு, இரண்டு முனையையும் தொடுகிற அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். என்னுடையதில் ஒரு தீக்குச்சி கனம் விலகியிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் கட்டையைப் பிடித்துக் கடையும்போது அது பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. பேனாவுக்குத் துளை போடப் போனபோதுதான் துளை அகண்டு போய், அடுத்தடுத்து மூன்று கட்டை வீணானது.

வேகத்தை யாரும் கேட்பதே இல்லை. அதிகபட்ச வேகம் எத்தனை என்று பெருமையாகச் சொல்வார்கள், கிண்ணம் கடைகிறவருக்குக் குறைந்தபட்ச வேகம்தான் முக்கியம். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடத்துக்கான சுற்றையும் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 12 அங்குலக் கிண்ணத்துக்கு அது 500 முதல் 750 சுற்று. இன்னும் உருண்டைக்கு வராத கட்டை என்றால் அதையும் விடக் குறைக்க வேண்டும். லேத்தின் மிகக் குறைந்த வேகமே 1,000 என்றால், அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும். முகக்கவசம் இல்லாமல் பக்கத்திலேயே போகாதீர்கள்.

மோட்டார் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்பதையும் போகும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கிள் பேஸ் இணைப்பில் த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்ட வி.எஃப்.டி. என்ற கருவி தனியாக வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க அது நல்ல வசதிதான், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சக், உளிகள், சாணை பிடிக்கும் கிரைண்டர் என்று பின்னாலேயே வரிசையாக வரும், சில சமயம் லேத்தின் விலையையே தாண்டிவிடும். விற்பவர் சக்கும் உளிகளும் சேர்த்துத் தந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் நான் யோசிக்க மாட்டேன்.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். லேத் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் ஸ்பிண்டில் மரை அளவு, மோர்ஸ் டேப்பர் எண், குறைந்தபட்ச வேகம், மோட்டார் எத்தனை பேஸ் என்பதை மட்டும் உங்கள் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்கிப் போட்டால் போதும், எல்லாம் சேர்ந்து ஒரே வரிதான் வரும். எனக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால் அந்தப் பச்சை லேத்தைப் பார்க்கவே கிளம்பியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கடைசல் பழகும் ஒரு வாசகன்