குவயட் இருக்கட்டும், ஸ்ப்ளாஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் அமைப்பில் குவயட், ஸ்ப்ளாஷ் என்று இரண்டு சொற்களைச் சேர்த்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மறையும், சரி. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் செய்திகளை 0 முதல் 7 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறது. 0 வந்தால் கணினி இனி ஓடாது, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 டீபக் (பிழை தேடுவதற்கான) விவரம். வழக்கமாக 7-க்குக் கீழே உள்ள அத்தனையும் திரைக்கு வரும். குவயட் போட்டால் அந்த வரம்பு 4-க்கு இறங்கிவிடும், 3 வரைக்கும்தான் வரும், அதாவது தகவல்கள் அடங்கிப்போகும், பிழைகள் மட்டும் கண்ணில் படும். ஸ்ப்ளாஷ் லோகோவைப் போட்டு அந்தப் பிழையையும் சேர்த்து மூடிவிடும்.

கணினி பழுது பார்ப்பது என் தொழில். ஒரு பள்ளி லேபில் ஒரு கணினி ஆன் ஆகவே ரொம்ப நேரம் எடுக்கிறது என்று கூப்பிட்டார்கள். லோகோ சுற்றிக்கொண்டே இருந்தது. எஸ்கேப் விசையை அழுத்தி லோகோவை விலக்கினால், ஐ/ஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை), எஸ்டிஏ (டிஸ்கின் பெயர்), ஒரு செக்டர் (டிஸ்கின் ஒரு சிறு பகுதி) எண், மறுபடியும் அதே எரர், வேறு செக்டர் எண். ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது! இது முதலிலேயே தெரிந்திருந்தால் பிள்ளைகளின் புராஜெக்ட்களையாவது காப்பி எடுத்து வைத்திருப்பார்கள், பாதிக்கு மேல் திறக்கவில்லை.

சில லேப்டாப்களில் குவயட் போட்ட பிறகும் ஏசிபிஐ பயாஸ் எரர் (கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸில் உள்ள குறை) என்று இரண்டு வரி வரும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதைத் தொலைக்க லாக்லெவல் 3 என்று, அதாவது அந்த வரம்பையே 3 என்று, போடச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் 3-ஆம் தரமும் திரைக்கு வராது, நான் சொன்ன டிஸ்க் எரரும் அந்தத் தரம்தான். தயவுசெய்து அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

கிரப் கோப்பில் ஸ்ப்ளாஷை மட்டும் எடுத்துவிட்டு, அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தால் போதும். அப்புறம், ஸ்ப்ளாஷ் வேண்டும் என்பவர்களுக்காக எஸ்கேப் விசையைப் பற்றி ஒரு வரியாவது அடுத்த இதழில் போடுங்கள், லேப்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உங்கள் பக்கத்தைத்தான் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்