ஹை பீக்ஸ் மலைப் பயணம்: குழு எண்ணிக்கை குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க் மாநில அடிரோண்டாக் மலைகளின் ஹை பீக்ஸ் வனப்பகுதிக்கு, அக்டோபர் 10, 11 (சனி, ஞாயிறு) நாள்களில் வருவதாக 22 பேர் பெயர் கொடுத்துள்ளீர்கள். அங்கே ஒரு குழுவில் பகல் நடைக்கு 15 பேருக்கு மேலும், இரவு தங்குவதற்கு 8 பேருக்கு மேலும் அனுமதியில்லை. மூன்றாகப் பிரிந்து சென்று வழியில் சேர்ந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே அமைப்பின் குழுக்கள் எந்நேரமும் குறைந்தது ஒரு மைல் இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதும் விதி என்பதால், அதற்கு வழியில்லை. மார்சி போன்ற சிகரங்களின் மெல்லிய மண்ணில் வளரும் அரிய செடிகள் மிதிபட்டால் எளிதில் மீள்வதில்லை. இந்த வரம்பு நியாயமானது என்றே கருதுகிறேன்.

1. முதலில் பெயர் கொடுத்த 8 பேர் மட்டும் அக்டோபர் 10 அன்று தங்குவர். புறப்பாடு காலை 7 மணி.
2. மற்ற 14 பேருக்கு அக்டோபர் 17, சனிக்கிழமை, பகல் நடை. இன்னும் ஒருவருக்கு இடமுண்டு.
3. தங்குவோர் உணவைக் கரடியால் திறக்க முடியாத கலனில் கொண்டுவருவது கட்டாயம். நாம் செல்லும் கிழக்குப் பகுதியில் தீ மூட்டக்கூடாது என்பதால், சமைக்கச் சிறிய எரிவாயு அடுப்பு தேவை.
4. உங்கள் ஒப்புதலைச் செப்டம்பர் 20-க்குள் இக்குழுவிலேயே தெரிவிக்கவும்.