தாபோவுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் ஒலித்துண்டுகளும் கிடைத்தன. தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோ நாட்டிலும் பேசும் செசோத்தோ மொழிக்கு, எழுத்தைப் படித்துச் சொல்லும் கணினிக் குரலை நீ செய்வதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. உச்சரிப்பு தெளிவு, இடறுவது தொனியில்தான், அதாவது பொருளை மாற்றும் அசைகளின் சுருதி ஏற்றத்தாழ்வில்.

"ஓ ஆ லேமா" என்பதையே எடுத்துக்கொள். 'ஓ' தாழ்ந்தால் "நீ உழுகிறாய்". உயர்ந்தால் "அவன் உழுகிறான்", அந்த உயர்ச்சி 'ஆ'விலும் ஏறும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. அதனால் எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய மாடல் நடுவாந்தரமான ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்கிறது. பதிவுகளைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது என்பேன். தொனியைத் தனியே கணித்து, அசைக்கு அசை குறியிட்டுக் கொடு.

முதலில் எழுத்துமுறை. லெசோத்தோவில் 'லி' என்று எழுதுவதைத் தென்னாப்பிரிக்காவில் 'டி' என்று எழுதுவார்கள்; ஏதாவது ஒன்றுக்கு மாற்று. லெசோத்தோ எழுத்தில் மூக்கெழுத்துக்கு முன் வரும் மேற்குறியை (') மட்டும் துடைத்துவிடாதே. அது தனி மூக்கொலி அசையின் அடையாளம். அந்த அசைக்கும் தொனி உண்டு.

அகராதியில் வினைவேருக்கு உயர்தொனி உண்டா, இல்லையா என்று குறித்தால் போதும். 'போனா'வுக்கு (பார்) உண்டு, 'லேமா'வுக்கு (உழு) இல்லை. மற்றதை விதி பார்த்துக்கொள்ளும்: 'போனா'விலிருந்து வரும் 'போனாஹாலா'வில் (தென்படு) 'போ'வின் உயர்ச்சி ஓரசை வலப்புறம் பரவி 'னா'வையும் தூக்கும். தொடரின் கடைசி அசைக்கு மட்டும் பரவாது. 'ஓ', 'ஆ' போன்ற வினை முன்னொட்டுகளைத் தனித்தனிச் சொற்களாக எழுதும் வழக்கம் இருப்பதால், இடைவெளிகளை நீக்கி வினையை ஒன்றாக்கிய பிறகே விதிகளை ஓட்டு. உன் துண்டுகளில் பாதிப் பிழை இதனால் வந்ததாகவே படுகிறது.

'ஓ' யாரைக் குறிக்கிறது என்பதுதான் கடினம். "தாபோ ஓ ஆ லேமா" என்றால் தாபோ என்பவன் உழுகிறான். "தாபோ, ஓ ஆ லேமா?" என்றால் அவனிடமே கேட்கிறோம். உரையைச் சுத்தப்படுத்தும் நிரல் காற்புள்ளியை விழுங்கினால் பொருளே மாறிவிடும். எழுவாய் இல்லாத இடத்தில் உரையாடலா செய்தியா என்று பார்த்து முடிவு செய்.

சுருதி வரையும்போது, தாழ்வசைக்குப் பின் வரும் உயர்வை முந்தைய உயர்வைவிடச் சற்று இறக்கு. தொடர் முடிவில் ஈற்றயல் அசையை நீட்டு.

சோதனைக்கு மதிப்பெண் கேட்காதே. 'ஓ' தாழ்ந்தது, உயர்ந்தது என இரு வடிவத்தையும் தாய்மொழிக்காரர்களுக்குப் போட்டுக்காட்டி, உழுவது யார் என்று கேள். வந்த விடைகளை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கதிர்