சென்னை விமானம்: தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைக்குப் போகும் இலங்கையின் வன்னி மக்கள் பலர் இணையத்தில் விமானத் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். பலாலியிலிருந்து (யாழ்ப்பாண விமான நிலையம்) சென்னைக்கு வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர்; கட்டுநாயக்காவிலிருந்து (கொழும்பு விமான நிலையம்) 645.

தூரம் பாதியளவு என்பதால் நேரமும் பாதியாகிவிடாது. பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது. அங்கு வந்து போவது ஏடிஆர் 72 எனும் சுழல்விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். கட்டுநாயக்காவிலிருந்து போகும் ஜெட் 800ஐத் தாண்டும். அதோடு, சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைவதிலிருந்து மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்கும் வரை அது கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வதும், சென்னையில் இறங்க முறைக்குக் காத்திருப்பதும் தூரம் குறைந்தாலும் குறையாது. அதனால்தான் இரண்டு பயணமும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்குகின்றன.

உண்மையான வித்தியாசம் தரையில்தான். கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு 80 கிலோமீற்றர் அளவு, இரண்டு மணித்தியாலம் போதும். கட்டுநாயக்காவுக்கு வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. வவுனியாவிலிருந்து இந்த இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடும். அங்குள்ளவர்கள் சீட்டு விலையையும் ஒப்பிட்டே முடிவெடுக்கலாம்.

அதிகம் பேர் தவறுவது கட்டுநாயக்காவிலிருந்து போகும் நள்ளிரவு விமானத்தில். சீட்டில் 15ஆம் திகதி 00.30 என்றிருந்தால், 14ஆம் திகதி மதியமே கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் அன்று அதிகாலை 00.30க்கே போயிருக்கும். காசும் பெரும்பாலும் திரும்பாது. பொதியைக் கொடுத்துப் பயணத்தைப் பதியும் கருமபீடம் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சீட்டில் இருப்பது அந்தந்த நாட்டு நேரம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் சென்னைப் பயணத்தில் சிக்கலில்லை. சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னே. இங்கிருந்து 00.30க்குப் புறப்பட்டு அங்கு 06.50க்கு இறங்கினால் பயணம் ஆறு மணித்தியாலம் இருபது நிமிடமல்ல, மூன்று மணித்தியாலம் ஐம்பது நிமிடம். அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. ஜெட்டில் கொள்ளும் கைப்பெட்டி அதில் கொள்ளாமல் போகலாம். மருந்தையும் ஆவணங்களையும் சின்னப் பையில் தனியாக வையுங்கள்.

விமான அட்டவணை வெளியிடும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் எந்த நாட்டு நேரம் என்பதையும், கருமபீடம் மூடும் நேரத்தையும் சேர்த்துப் போடுமாறு உங்கள் பத்திரிகையைக் கேட்டுக்கொள்கிறோம்.

பயண ஏற்பாட்டாளர்கள்,
கிளிநொச்சி