எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சீரமைப்பு: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்தது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் புளோயர், அந்தக் காற்றைக் குமிழ்களாக விடும் டிஃப்யூசர்கள், கார்பன் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, கசடு படியும் தொட்டியான கிளாரிஃபையரும் சுத்தம் செய்தாயிற்று.

காண்ட்ராக்டர்தான் 95 சதவீதம் சுத்தமாகிறது என்று ரிப்போர்ட் கொடுத்தாரே, கடைசித் தவணையை ஏன் இழுத்தடித்தீர்கள் என்று குரூப்பில் கேட்டவர்களுக்காகத்தான் மீதி முழுவதும்.

உள்ளே வரும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 300 மில்லிகிராம், வெளியே போவதில் 15, ஆக 95 சதவீதம் என்பது அவர் கணக்கு. அந்த 300 யாரும் அளந்ததல்ல, டிசைன் தாளில் இருந்தது. நிஜத்தில் வருவது 150 என்றால் அதே 15-க்கு 90 சதவீதம்தான். பெருநகரங்களுக்கு 2017 மத்திய அறிவிக்கை வைத்த வரம்பு 20 ஆயிற்றே என்றார். ஆனால் நம் ஒப்பந்தத்தில் இருப்பது 10, 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவு. கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

உடனே 10-க்குக் கீழே என்று இன்னொரு ரிப்போர்ட் வந்தது! பி பிளாக் கெமிஸ்ட்ரி டீச்சர்தான் கண்டுபிடித்தார்: பி.ஓ.டி. இறங்கியிருக்கிறது, நுண்ணுயிர் இல்லாமல் ரசாயனம் போட்டு அதே அழுக்கை அளக்கும் சி.ஓ.டி. அசையவே இல்லை. சாம்பிளைக் குளோரின் தொட்டிக்கு அப்புறம் எடுத்து, குளோரினை நீக்காமலே டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பி.ஓ.டி. என்பது 27 டிகிரியில் 3 நாள் வைத்து நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று பார்ப்பது. அவற்றைக் குளோரின் கொன்றுவிட்டால் யார் தின்பது?

அதனால்தான் வேறு லேபில் கொடுத்தோம், பட்ஜெட் மீறியதும் அதில்தான். காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்துக் கழிவும் நள்ளிரவுக் கழிவும் ஒன்றல்ல என்பதால் இன்லெட், அவுட்லெட் இரண்டிலும் 24 மணி நேரமும் மணிக்கொரு முறை எடுத்து, வரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கலந்து, ஐஸில் வைத்து அனுப்பினோம். 10-ஐத் தாண்டியது. கரண்ட் மிச்சம் என்று இரவில் புளோயரை டைமரில் நிறுத்தியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்து மறுபடி எடுத்ததில் தேறியது, பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

லேப் கட்டணத்தில் பாதியை ஏற்ற ஏ பிளாக் தம்பதி, ஐஸ் பெட்டி தந்த மீன்கடைக்காரர், ராத்திரி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வாளி பிடித்த டி பிளாக் பையன்கள், டீ போட்டுக் கொடுத்த செக்யூரிட்டி அண்ணன், மோட்டார் செலவைத் தந்த துபாய் வீட்டுக்காரர், எல்லோருக்கும் நன்றி. பில்கள் ஆபீஸில் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுக்குழாயில் விட்டிருக்கும் சி பிளாக் வீடுகள் அடுத்த மழைக்குள் அதைப் பிரித்துவிடவும். இதற்கும் ஒரு கமிட்டி போட எங்களுக்குத் தெம்பில்லை.