டாக்டர் தம்பிக்கும் உதவி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் அண்ணனை ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். முப்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுபவர். வாய் திறப்பது குறைந்து குறைந்து, இப்போது இரண்டு விரல்கூட நுழையாது. பார்த்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். பொறுமையான பிள்ளை. "ஐயா, இனிமே புகையிலையைத் தொடவே கூடாது" என்று டார்ச்சோடு குனிந்தபோது, சூயிங்கம் வாசனையை மீறி சிகரெட் நெடி அடித்தது. வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "அந்தத் தம்பியாலேயே விட முடியலை. நான் எங்கே விடப்போறேன்?" அன்று சாயங்காலமே பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நான் ஓய்வுபெற்ற செவிலியர். நைட் டியூட்டி முடிந்து, வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடையில் புகைவிடும் பிள்ளைகளை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாங்கள் போன கல்லூரி வாசலுக்கு நேரெதிரே, பெட்டிக்கடையில் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. 1951இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆய்வாளர்கள் புகைப்பழக்கம் பற்றித் தொடங்கிய ஆய்வில் பங்கெடுத்தவர்களே டாக்டர்கள்தான். ஐம்பது வருஷம் தொடர்ந்து பார்த்ததில், புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தது தெரிந்தது. முப்பது வயதில் விட்டவர்களுக்கோ அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. நம் மாணவர்கள் முப்பதைத் தொடவே இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.

விட நினைக்கும் மாணவர் யாரிடம் போவது? வார்டனிடம் சொன்னால் வீட்டுக்குப் போன் போகும் என்ற பயம். அதனால் வாயே திறப்பதில்லை. கல்லூரிகள் அபராதம் போடுவதோடு நிற்காமல், பெயர் வெளியே போகாதபடி ஆலோசனையும், புகைக்கும் ஆசையைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கமும் கொடுக்கட்டும். சிகரெட் பெட்டியில் அச்சாகும் 1800-11-2356 என்ற உதவி எண்ணை விடுதிப் பலகையிலும் ஒட்டட்டும். அப்புறம், ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுபோல, புகையிலையை விடவைக்கப் பேசுவது எப்படி என்பதையும் நோயாளி பக்கத்தில் வைத்தே கற்றுக்கொடுக்க வேண்டும். "தொடக் கூடாது" என்ற ஒரு வரி போதாது.

அண்ணனை அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே தம்பிதான் பார்ப்பாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்