'இல்லை' என்று எழுத வேண்டாம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. செந்திலுக்கு சி.ஐ.எஸ்.எஃப்.பில், அதான் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையில், வேலை கிடைத்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் நீ கடைசியில் கேட்டிருந்தது ராத்திரி தூங்கவிடவில்லை. கோயில் கொடை அடிதடி வழக்கில்தான் அவனுக்கு விடுதலை ஆகிவிட்டதே, அதை வேலைக்குச் சேரும்போது தன் பின்னணியை எழுதிக் கொடுக்கிற அட்டெஸ்டேஷன் ஃபாரத்தில் எழுத வேண்டுமா என்கிறாய்.

எழுதித்தான் ஆக வேண்டும். தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் அந்த ஃபாரம் கேட்கவில்லை. கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, அபராதம் கட்டியதுண்டா என்று தனித்தனியாகக் கேட்கிறது. தகவலை மறைத்தால் அதுவே தகுதியிழப்பு என்று மேலேயே போட்டிருக்கும், பார்.

நான் ஊழியர்களின் ஃபைலைப் பார்க்கிற எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தபோது ஒரு பையனின் ஃபைல் வந்தது. அவன்மேலும் 294(பி), 323தான், அதாவது கெட்ட வார்த்தை பேசியது, அடித்தது என்ற பிரிவுகள்; விடுதலையும் ஆகியிருந்தது. ஃபாரத்தில் நீல மையில் வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று எழுதியிருந்தான். அதன்மேல், வழக்கு இருந்தது என்ற ஊர் போலீஸ் ஸ்டேஷன் அறிக்கையைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். அவனை வேலையை விட்டு நீக்கும் டெர்மினேஷன் ஆர்டரை டைப் அடித்தது நான்தான். அவன் அப்பா மஞ்சள் பையில் தீர்ப்பு நகலோடு வாசலில் நின்றார். அந்தக் காகிதத்தை முதல் நாளே ஃபாரத்தோடு கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதையெல்லாம் அலசியிருக்கிறார்கள். சின்ன வயதில் கோஷம் போட்ட மாதிரி அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அவர்கள் முடிவு. உண்மையைச் சொன்னவனையும் பரிசீலித்துத்தான் எடுப்பார்கள்; எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் எழுதினால் வேலை நிச்சயம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்துச் சேர்ந்தால், வேலை நிரந்தரமான பிறகும் துறை விசாரணை வைத்து வீட்டுக்கு அனுப்பலாம். அப்போது கல்யாணம், குழந்தை என்று ஆகியிருக்கும். நினைத்தாலே பகீர் என்கிறது.

ஊரில் யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று தங்கச்சி சொன்னாளாம். யாரும் சொல்ல வேண்டாம் முருகேசா, ஸ்டேஷன் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

நாளைக்கே வக்கீலைப் பார்த்து எஃப்.ஐ.ஆர். நகல், தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டையும் வாங்கு. வழக்கு எண், கோர்ட், தீர்ப்புத் தேதி எல்லாம் அதில் உள்ளபடியே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் செந்திலை அனுப்பு, நானே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைக்கிறேன். அதுவரை ஃபாரத்தில் பேனா வைக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சுப்பு